பெருவிரலும் பரிபாலன சபையும்

1

எங்கள் அம்மனுக்கு இறால் ஆகாது என்று போன ஆடியில் நோர்வேயில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஏழு பேர் கையுயர்த்தினார்கள். அம்மனை ஒருவரும் கேட்கவில்லை.

இந்த வருடத் திருவிழா நோட்டீஸ் நேற்று வட்ஸ்அப்பில் வந்தது. சாமி தூக்குபவர்களின் பெயர்களில் என் கணவரின் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று இவருடைய ஊரான சல்லியில் இருந்து காலையிலேயே மூன்று அழைப்புகள். எனக்குத் தொலைபேசியில் விளக்கமாகக் கதைக்க வராது. நான் வாயைத் திறப்பதற்குள் மற்றப் பக்கத்தில் இருப்பவர் கேள்வியையும் பதிலையும் தானே சொல்லி முடித்துவிடுவார். எழுதினால் ஒருவரும் குறுக்கே விழமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் இலங்கையில், பட்டணத்து ஓர்ஸ் ஹில்லில் பிறந்து, சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, பக்கத்து மீன்பிடிக் கிராமமான சல்லிக்கு வாழ்க்கைப்பட்டவள். இப்போது நோர்வேயின் வடக்கில் ஒரு துறைமுக நகரத்தில், முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் வேலை செய்கிறேன். சலவை இயந்திரங்கள் எதிர்க்கதை கதைப்பதில்லை. எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

என் கணவர் பாலன். சல்லியில் கடலுக்குப் போன குடும்பம். இங்கே வந்தும் கடல் அவரை விடவில்லை. இறால் ஆலையில் சேர்த்துவிட்டது. இறாலை இயந்திரம் உரிக்கும். உரித்த இறால் ஒரு பக்கம் பனிக்கட்டிக்குப் போகும், கோது மறுபக்கம் தொட்டிக்குப் போகும். இவர் கோதுத் தொட்டிப் பக்கம். இயந்திரத்தின் சத்தத்தில் அவருடைய காது அரைவாசி போனது. மீதி அரைவாசியால் தனக்கு விருப்பமானதை மட்டும் கேட்பார்.

2

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் புதுச் சப்பாத்து வாங்கினார். அது வலது பெருவிரலைக் கடித்தது. நீரிழிவுக்காரருக்குக் காலில் உணர்வு குறைவு. அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. உடுப்புத் தோய்க்கிறவளிடம் காலுறை ஒன்றையும் மறைக்காது.

புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து கொடுத்தார்கள், பிறகு வேறொன்று, பிறகு இரண்டையும் சேர்த்து. ஒன்றுக்கும் அது அசையவில்லை. கிருமி இந்த மருந்துகளை எல்லாம் படித்துவிட்டது என்று மகள் சொன்னாள். இந்த நாட்டில் எல்லாரும்தான் படிக்கிறார்கள், கிருமி மட்டும் சும்மா இருக்குமா?

மகள் தர்ஷினி பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்கிறாள். உடம்புக்குள் வைக்கிற குழாய்களின்மேல் கிருமி ஒட்டாதபடி ஒரு மெல்லிய பூச்சுச் செய்வதுதான் அவளுடைய வேலை. ஊரில் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க என்னால் ஆவதில்லை.

"டொக்டர்தானே?" என்பார்கள்.

"இனித்தான் டொக்டர். ஆனா ஊசி போடமாட்டா."

"பிறகென்ன டொக்டர்?"

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவாள். சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே தொலைபேசியில் நோர்வேஜிய மொழியில் சிரிப்பாள். எங்களுடன் தமிழில் கதைக்கும்போது, வங்கியில் விண்ணப்பம் கொடுக்க வந்தவள்போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

போன வருடம் வைகாசியில் டொக்டர் தெளிவாகச் சொன்னார்: இப்படியே போனால் விரலை வெட்ட வேண்டும், அங்கிருந்தும் பரவினால் பாதி பாதம். அதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த புதிய புண்-ஒட்டு ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள், சேர விருப்பமா என்று கேட்டார்.

விருப்பம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அதை எழுத்தில் சொல்ல ஒரு பகல் போனது. ஒரு புத்தகம் அளவுக்குப் படிவம். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒரு இளம் பொடியன். பாடப்புத்தகத்தை விழுங்கியவன். "கணுக்காலி விலங்கினங்கள்மீது தங்களுக்கு ஒவ்வாமை ஏதும் உண்டா?" என்று கேட்டான்.

இவர் தன் காலை ஒருமுறை பார்த்தார். "கணுக்காலில ஒண்டுமில்லைத் தம்பி. பெருவிரலிலதான்."

"இல்லை" என்று பொடியன் மொழிபெயர்த்தான். தாதி சில்யே கட்டத்தில் புள்ளடி போட்டாள். எல்லாருக்கும் திருப்தி.

ஒட்டு, ஜெலி போல வழுவழுவென்ற ஒரு சிறு தாள். மூன்று நாளைக்கொருமுறை மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது என்று சில்யே எனக்குக் காட்டித்தந்தாள். காலில் பாரம் விழக்கூடாது, வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்றும் சொன்னாள். இவர் தலையாட்டினார். இன்னும் சில வாரங்களில் வெறுங்காலோடு சாமி தூக்கப்போவதைச் சொல்லவில்லை. அவள் அதைக் கேட்கவில்லையாம்.

3

எங்கள் கோயில் முன்பு கார் திருத்தும் கராஜாக இருந்தது. எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் மழை நாளில் எண்ணெய் மணக்கும். திருவிழாவின் கடைசி நாளில் அம்மனை நான்கு பேர் தோளில் தூக்கி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிவருவார்கள். முன்பக்கத்து வலது தோள்தான் பெரிய மரியாதை. இத்தனை காலமாக அது பட்டணத்தாரிடமும் யாழ்ப்பாணத்தாரிடமும் மாறி மாறிப் போய்வந்தது. சல்லியார் பின்னுக்கு நின்று அரோகரா சொல்லலாம். அதற்குத் தடையே இல்லை.

போன வருடம் முன்பக்கத்து வலது தோளை இவருக்குக் கொடுத்தார்கள். கோயில் கூரை திருத்த இவர் ஒரு கோடை முழுக்க ஏணியில் நின்றார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியாது. இவர் வீட்டில் தோளை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

திருவிழாவின் முதல் நாள் ஐயர் இவருடைய கையில் காப்புக் கட்டினார். காப்புக் கட்டினால் பத்து நாளும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடக்கூடாது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் வந்தாள். நான் ஒட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். புண்ணின் ஓரத்தில் முதன்முறையாக ரோஸ் நிறத்தில் தோல் தெரிந்தது. முன்பு புண்ணில் இருந்து எழுந்த நாற்றமும் இல்லை. மகளுக்குச் சந்தோசம். அப்பாவின் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்களுடன் அதிகம் கதைக்காத பிள்ளை, கதைக்கத் தொடங்கினாள்.

"அப்பா, இது என்னத்தில செய்ததெண்டு தெரியுமா? உங்கட இறால்க் கோதுதான்!"

"என்ன?"

"இறால்க் கோது, அப்பா! நீங்க தொட்டியில கொட்டின அதே சாமான். அமிலத்தில ஊறவிட்டா சுண்ணாம்பு போயிடும். காரத்தில அவிச்சா சதையின்ர மிச்சம் போயிடும். கடைசியா வாறதுக்குக் கைட்டோசன் எண்டு பேர். அது கிருமியின்ர மேல்தோலில ஒட்டிப் பிடிச்சு, அதைக் கிழிச்சுப் போடும். கொஞ்சம் வெள்ளியும் சேர்த்திருக்கிறாங்கள். மருந்தைப் படிச்ச கிருமிக்கும் இதைப் படிக்கிறது கஷ்டம்."

நான் அறிய, அவள் எங்களோடு தமிழில் இவ்வளவு நீளமாகக் கதைத்துப் பல காலம். ஒரு தகப்பன் அந்த இடத்தில் அழுதிருக்கலாம். இவர் தன் காலைப் பார்த்தார். பிறகு கையில் கட்டியிருந்த காப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இஞ்சேரப்பா," என்றார், "நான் மச்சத்தைக் காலில கட்டிக்கொண்டெல்லோ திரியிறன்."

4

பேசாமல் இருந்திருக்கலாம். பின்னுக்கு நின்ற பழைய சல்லியார் என்றால் அப்படித்தான் இருந்திருப்பார். ஆனால் முன்பக்கத்து வலது தோள் கிடைத்தவருக்கு மனச்சாட்சியும் பெரிதாகிவிடுகிறது. நேரே கோயில் தலைவரிடம் போய்ச் சொன்னார்.

தலைவரும் ஓர்ஸ் ஹில்தான். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர், இங்கே தபால் பிரித்து ஓய்வுபெற்றவர். கூட்டங்களில் மட்டும் இன்னும் கச்சேரியில் இருக்கிறார். அன்று மாலையே பரிபாலன சபையைக் கூட்டினார். நான் கோயில் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் குசினிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு தட்டிதான். எத்தனையோ வருடங்களாக அந்தத் தட்டிக்குப் பின்னால் நின்று நான் சபையை நடத்தியிருக்கிறேன், மனதுக்குள்.

"விசயம் இதுதான்," என்றார் தலைவர். "பாலன்ர காலில இருக்கிறது மச்சமோ, மச்சமில்லையோ?"

மகளைத் தொலைபேசியில் எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்கள். அவள் அமிலம், காரம் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். "அங்கிள், அதில சதையே இல்லை. இறாலின்ர ஒண்டும் இல்லை."

"பிள்ளை, தேங்காயை உரிச்சாலும் அது தேங்காய்தானே?" என்றார் தலைவர்.

"வெள்ளி சேர்ந்திருக்காம். வெள்ளி சுத்தமெல்லோ?" என்றார் பொருளாளர்.

"எவ்வளவு வெள்ளி?" என்றார் செயலாளர். ஏதோ நகைக்கடையில் நிற்பதுபோல.

மகளுக்குப் பொறுமை போவது குரலில் தெரிந்தது. "தலைவர் அங்கிள், நீங்க முழங்கால் நோவுக்கு ஒவ்வொரு நாளும் குளிசை போடுறீங்கள்தானே? எங்கட வீட்டில மறந்துபோய் விட்டிட்டுப் போனனீங்கள். நான் டப்பாவைப் பாத்தனான். அதுவும் இறால், நண்டுக் கோதில இருந்து செய்யிறதுதான். பின்பக்கத்தில எழுதியிருக்கு."

நான் கையில் தேத்தண்ணிக் கரண்டியோடு நின்றேன். இனி முடிந்தது, எல்லாரும் சிரித்துவிட்டு எழும்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். சபையை நான் குறைவாக எடைபோட்டிருந்தேன்.

"அது வேற," என்றார் தலைவர். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "அது உள்ளுக்குப் போறது. உள்ளுக்குப் போனா மருந்து. வெளியில ஒட்டியிருந்தா மச்சம்."

இதைக் கேட்டு இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார்.

ஐயரைக் கேட்டார்கள். ஐயரின் விசா மூன்று மாதத்துக்கொருமுறை சபையின் கடிதத்தால் நீளுகிறது. "சபையோர் எப்படி நினைக்கிறீங்களோ" என்றார். மூலையில் இருந்த சங்கை எடுத்து வாயில் வைத்து ஊதினார், மாலைப் பூசைக்கு நேரமாகிவிட்டதால். சங்கு எங்கே இருந்து வந்தது, அதற்குள் முன்பு யார் குடியிருந்தார் என்று நான் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன். சத்தமாக இல்லை.

ஏழு கையும் உயர்ந்தது. திருவிழா முடியும்வரை ஒட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் பூசுவது என்று முடிவு.

மகள் என்னைத் தனியாகத் தொலைபேசியில் எடுத்தாள். "அம்மா, அவ்வளவு நாள் விட்டா திரும்பத் தொடங்கேலாது. விரல் போகும். நீங்க ஏதாவது சொல்லுங்கோவன்."

"நான் என்னத்தைப் பிள்ளை சொல்லிறது" என்றேன். அது எனக்கு வாய்ப்பாடம்.

5

அன்றைக்குச் சல்லிக்கு அழைத்தேன். மச்சாள் பூமணி, இவருடைய தங்கை. மீன் விற்கிறவள். அவளிடம் நான் சொல்லி முடிக்கவில்லை, அவள் சிரித்து இருமினாள்.

"எடியே, இஞ்ச நாங்களும் திருவிழாவுக்கு மச்சம் காய்ச்சிறேல்லதான். அதுக்காக வள்ளத்தைக் கொளுத்திப் போட்டோ கும்பிடுறம்? கருவாடு அடுக்கின கையாலதான் பூ மாலை கட்டுறன். அம்மன் ஆத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினவளோ?"

"அங்க தலைவர் சொல்லிறார்…"

"ஆரவன் தலைவர்? ஓர்ஸ் ஹில்லாரோ? அவையள் எங்கட மீனை வாங்கேக்க செவுளைத் தூக்கித் தூக்கிப் பாப்பினம், எங்களை நிமிர்ந்து பாக்கமாட்டினம்." நானும் ஓர்ஸ் ஹில் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. "நீ வேற, மச்சாள். சரி, இதைக் கேள். காலில புண்ணோட ஆரும் சாமி தூக்கிறதோ? அது பக்தியோ விசரோ? இஞ்சயெண்டா ஒரு கதிரையைப் போட்டு, இதில இருந்து கும்பிடு எண்டு சொல்லுவம்."

இவர் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். விருப்பமில்லாததைக் கேட்காத காது அன்றைக்கு நன்றாக வேலை செய்தது.

"அவளுக்கென்ன," என்றார் பிறகு. "அவள் அங்க அம்மனுக்குப் பக்கத்தில இருக்கிறாள். ஒருத்தரும் அவளைப் பின்னுக்குப் போ எண்டு சொல்லேல்ல."

எனக்கு அதற்குமேல் நையாண்டி வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு.

6

அடுத்த நாள் காலை இவர் முழுகி, வேட்டி கட்டி, கதிரையில் இருந்து காலை நீட்டினார்.

"கழட்டிவிடும்."

"நான் கழட்டமாட்டன்."

இவர் காதில் விழாததுபோல இருந்தார். நான் மறுபடி சொன்னேன். "நீங்க கழட்டுங்கோ. நான் கழட்டமாட்டன்."

அவருக்குக் குனிய ஏலாது. வயிறு விடாது. காலைத் தூக்கி மற்றத் தொடையில் வைக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. ஒரு கரண்டிக் காம்பால் தட்டிவிடப் பார்த்தார். நான் தோய்த்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தலைவருக்கு அழைத்தார்.

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் வந்தார்கள். மூவரும் குளித்து, திருநீறு பூசி, நல்ல வெளிச்சமாக வந்தார்கள். நான் இவருடைய காலுறையைக் கழற்றினேன். ஒட்டும் அதற்குக் கீழே விரலும் வெளியே வந்தன. மூவரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"பிள்ளை, நீர் பாலன்ர மனுசிதானே, நீர்தான்…" என்றார் தலைவர்.

நான் அலுமாரிக்குப் போய் கையுறைப் பெட்டியை எடுத்துவந்து அவர்முன் வைத்தேன். "சபையின்ர முடிவுதானே, தலைவர் ஐயா. சபை கழட்டட்டும்."

"நான் முழுகிப்போட்டு வந்தனான்."

"எனக்குப் புண்ணைக் கண்டா தலை சுத்தும்," என்றார் பொருளாளர்.

"தீர்மானத்தில ஆர் கழட்டிறதெண்டு இல்லை," என்றார் செயலாளர்.

"ரெண்டு மாதத்துக்கு முதல் இந்த அறைக்குள்ள இருக்கேலாது," என்றேன் நான். தட்டிக்குப் பின்னால் சேர்த்துவைத்த குரல் எல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. "அவ்வளவு நாத்தம். இப்ப இல்லை. நம்பாட்டி குனிஞ்சு மணந்து பாருங்கோ. பிறகு இதைக் கழட்டிப்போட்டு மஞ்சளைப் பூசுங்கோ. விரலை வெட்டினா அதை ஆர் வாங்கி வைக்கிறதெண்டும் ஒரு தீர்மானம் போடுங்கோ."

ஒருவரும் குனியவில்லை. மூவரும் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் குப்பைத் தொட்டிதான்.

இவர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "என்ர காலைப் பாக்க உங்களுக்கு ஏலாது. பிறகு என்ர தோள் என்னத்துக்கு?"

"பாலன், அப்பிடியில்லை…"

"காப்புக் கையிலயே இருக்கட்டும். விரதத்தை நான் பிடிப்பன். தூக்கிறதுக்கு வேற ஆளைப் பாருங்கோ." என் பக்கம் திரும்பினார். "சொக்ஸைப் போட்டுவிடும்."

அவர்கள் தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள். கடைசி நாளில் தலைவரின் மருமகன் முன்பக்கத்து வலது தோளில் அம்மனைத் தூக்கினார். இவர் காருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்து கும்பிட்டார். அம்மன் கிட்ட வந்தபோது தோள் தானாகச் சரிந்ததை நான் பார்த்தேன். பார்க்காததுபோல இருந்தேன்.

7

அந்தப் புரட்டாசியில் ஆஸ்பத்திரியில் கடைசிப் பார்வை. மகள் வேறு நகரத்தில் ஏதோ ஆராய்ச்சி மாநாட்டுக்குப் போயிருந்தாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், அம்மா கதைப்பா என்று அவளே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டாளாம். என்னைக் கேட்கவில்லை.

டொக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சில்யே அளந்து பார்த்தாள். புண் மூடியிருந்தது. விரலின் நுனியில் நாணயம் அளவுக்கு மினுமினுப்பான புதுத்தோல். டொக்டர் வடக்கத்தி உச்சரிப்பில் வேகமாக ஏதோ சொன்னார். எனக்கு முக்கால்வாசி விளங்கியது. இவருக்கு ஆலை நோர்வேஜியன்தான் தெரியும்: தொட்டி, கோது, இடைவேளை, ஓம், இல்லை.

இவர் என் முழங்கையைத் தட்டினார். "அடுத்த வருசம் அம்மனைத் தூக்கலாமோ எண்டு கேளும்."

"இப்ப அதுவோ முக்கியம்?"

"கேளுமன்."

முகத்தைப் பார்த்தேன். சின்னப் பிள்ளையின் முகம். வலது தோள் கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது.

டொக்டர் எனக்காகக் காத்திருந்தார். எனக்கு அந்நியர்முன் சத்தம் வராது. இவருடைய அரைவாசிக் காதுக்கும் எட்டாது. வசனத்தை மனதுக்குள் இரண்டுமுறை ஒழுங்குபண்ணிக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்.

டொக்டர் சிரித்தார். பெரிதாகத் தலையாட்டி, "இல்லை, இல்லை" என்றார். அந்தச் சொல் மட்டும் இவருக்கு நன்றாக விளங்கியது.

இவர் தோளைப் பின்னுக்கு இழுத்தார். காலுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏலாதாமோ?"

"ஏலாதாம்."

"ஒருநாளும்?"

"ஒருநாளும்."

"சரியாக் கேட்டனீரோ?"

"ஓம், சரியாத்தான் கேட்டனான்" என்றேன்.

இனி விரலை வெட்ட வேண்டிவருமா என்றுதான் கேட்டிருந்தேன்.